காடு காக்கும் படிப்பும் கடன் கணக்கும்



“மகள் காட்டைக் காக்கும் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். கடன் வாங்கலாமா? அந்தப் படிப்பு சோறு போடுமா?” இந்தக் கேள்வி பால்வெட்டுத் தொழிலாளி வீட்டிலும் எழுகிறது, கிராணியார் வீட்டிலும் எழுகிறது. நம்மில் சிலர், “அதெல்லாம் வேண்டாம், கம்ப்யூட்டர் படி” என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறோம். வேறு சிலர், “ஆசைப்படுகிறாளே” என்று கண்ணை மூடிக்கொண்டு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டும் தவறு. கணக்குப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதை நான் பொங்கோலிலிருந்து எழுதுகிறேன். ஒரு காலத்தில் இங்கேயும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பிறகு கோழிப் பண்ணையும் பன்றிப் பண்ணையும் வந்தன. இன்றோ வானளாவும் அடுக்கு வீடுகள். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம். கரைக்கு அப்பால், 2015 இல் திறக்கப்பட்ட 50 ஹெக்டர் கோனித் தீவுப் பூங்கா. அங்கே மரத்தையும் பறவையையும் கணக்கெடுக்கவும், கரையோரச் சதுப்பைக் காக்கவும் படித்தவர்கள் வேண்டும். ஆகவே, இது வேலையே இல்லாத படிப்பு என்பது அறியாமை. ஆனால் இடங்கள் சில; கேட்பவர்கள் பலர். அதை மறைத்துப் பிள்ளைகளை அழைப்பது மோசடி.

இந்தப் படிப்பு நமக்கு அந்நியமா? 1877 இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888 இல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டறிந்தார். ரப்பர் நடுங்கள் என்று அவர் சொல்லித் திரிந்தபோது, “பைத்தியக்கார ரிட்லி” என்று சிரித்தார்கள். பிறகு அதே மரம் எத்தனை முதலாளிகளைக் கோடீசுவரர்கள் ஆக்கியது! மரத்தைக் கொல்லாமல் பயன் பெறுவதுதானே இயற்கை வளப் பாதுகாப்பு? பட்டைக்கு உள்ளே மரத்தில் காயம் படாமல் நாள்தோறும் கத்தி பிடிக்கும் கைக்கு அந்தப் பாடம் புதிதல்ல. அறிவு நம்மிடம் இருந்தது. பட்டமும் பதவியும் மட்டும் நம்மிடம் இல்லை.

இனிக் கடனுக்கு வருவோம். சிங்கப்பூரில் கல்விக் கட்டணக் கடன், மானியம் போக மாணவர் கட்ட வேண்டிய கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பட்டம் பெற்றதும் வட்டி ஏறத் தொடங்கும். அடைக்க 20 ஆண்டு வரை தவணை உண்டு. சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் இந்தக் கடன் உதவாது. மலேசியாவில் 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த உயர்கல்வி நிதிக் கழகம் ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் வாங்குகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். கடன் 30,000 வெள்ளி, வட்டி 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டில் அடைத்தால் மாதம் 318 வெள்ளி. வட்டி மட்டும் ஏறக்குறைய 8,200. 20 ஆண்டில் அடைத்தால் மாதம் 198 வெள்ளிதான். “அப்பாடா, சுலபம்!” என்கிறீர்களா? அப்போது வட்டி 17,500 ஆகிவிடும். சிறு தவணை பெருங்கடனாகிறது. தோட்டத்துக் கடையில் பற்றுவரவு வைத்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

என் யோசனை இதுதான்: மாதத் தவணை, கைக்கு வரும் முதல் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 318 வெள்ளி கட்ட, கையில் 3,180 வெள்ளி வர வேண்டும். சிங்கப்பூரில் சேம நிதிக்கு 20 விழுக்காடு பிடிப்பதால், பேசும் சம்பளம் 4,000 வெள்ளியளவு இருக்க வேண்டும். பட்டதாரிகளின் சம்பளத்தைப் படிப்புவாரியாக ஆண்டுதோறும் கல்வி அமைச்சு வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா என்றும் விசாரியுங்கள். கணக்கு இடித்தால் ஆசையை வெட்டாதீர்கள், கடனை வெட்டுங்கள். தேசியப் பூங்காக் கழகம் போன்றவை தரும் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். பதிலுக்குச் சில ஆண்டுகள் அங்கே உழைக்க வேண்டும், அவ்வளவே. பாலிடெக்னிக்கில் படித்து, வேலை பார்த்து, பிறகு பட்டத்துக்குப் போகலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். காட்டைக் காப்பது நாட்டுக்கே நன்மை. அந்த நன்மைக்கான கடனை மட்டும் ஓர் ஏழைப் பெண் தனியே சுமப்பது என்ன நியாயம்? 1960 இல் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேளையில், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி, 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் நம் தொழிலாளர்கள். அந்தப் பணம் தோட்டங்களையே வாங்கியது. நிலம் வாங்கிய அந்த ஒற்றுமை, பிள்ளைகளின் படிப்பை வாங்காதா?

சங்கக் கிளை ஒவ்வொன்றும் வட்டியில்லாக் கல்வி நிதி ஒன்றை ஏற்படுத்தட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை யாராவது எழுந்து கேளுங்கள். உங்கள் மகளுக்காக இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டு மகளுக்காகக் கேளுங்கள்!

— பொங்கோல்வாசி