மலையில் இட்ட பசளையும் மகாவலி நீரும்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். நீரை அத்துணை உயர்வாக மதித்த மரபில் வந்த நாம், நம் மலையிலிருந்து இறங்கும் நீரைக் கீழுள்ளோர்க்கு எந்நிலையில் அனுப்புகின்றோம் என்பதை இவ்விழா ஆண்டிலேனும் எண்ணிப் பார்த்தல் தகும்.

வட்டகொடையிற் பயின்ற நம்முள் எவரும் பீலித் தண்ணீரின் குளிர்ச்சியை மறந்திருக்கமாட்டார். பீலியில் வழிந்த நீரும், லயங்களின் பின்னே ஓடும் கான்களின் நீரும் ஓடைகளிற் கலந்து, கொத்மலை ஓயாவின் வழியே, 1985 இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் மகாவலியிற் சேர்கின்றன. கண்டி நகரத்தார் பருகுவது மகாவலி நீரையே. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு வறண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்வதும் அந்நீரே. ஆகவே, ஆற்றின் தலைமாட்டில் வாழ்வோர் நாம் என்பதை மறத்தலாகாது.

1991 இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகிப் படர்ந்தது. மைக்கிரோசிஸ்ரிஸ் என்னும் அவ்வினம் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கவல்லது. நன்னீர்ப் பாசியைப் பெருக்கும் ஊட்டங்களுள் தலையாயது பொசுபரசு. இதனைக் கனடாவில் 1973 இல் நிகழ்ந்த சோதனையொன்று கண்கூடாகக் காட்டிற்று. ஆய்வாளர் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியிற் காபனும் நைதரசனும் இட்டனர்; மறுபாதியில் அவற்றோடு பொசுபரசையும் சேர்த்தனர். பொசுபரசு பெற்ற பாதியே பாசியாற் பச்சை நிறம் பூண்டது. 2014 இல் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் பாசி நஞ்சின் காரணமாகக் குழாய் நீரைப் பருகலாகாதென எச்சரிக்கப்பட்டனர். அந்நகருக்கு நீர் தரும் ஈரி ஏரியிற் பாசி பெருகியதற்கு, விளைநிலங்களிலிருந்து வழிந்த பொசுபரசே முதற்காரணமாயிற்று.

பொசுபரசு மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும், எளிதில் ஓடாது என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மையே. நம் மலைமண் அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபேற்றைப் பற்றி வைத்துக்கொள்கின்றன. பயிருக்குப் போதவில்லை என்று கருதி, உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா என மாறி மாறி நடும் ஒவ்வொரு போகத்திற்கும் மீண்டும் மீண்டும் பசளை இடுகின்றோம். அவ்வாறு பல்லாண்டு இட்டது எங்கும் மறைந்துவிடவில்லை. மண்ணிலே தேங்கி நிற்கின்றது. பெருமழையில் சரிவு அரிக்கப்படும்போது மண்ணோடு மண்ணாக அதுவும் ஓடைக்குச் செல்கின்றது. மேலும், மண்ணின் பற்றும் ஆற்றல் நிறைந்தபின், எஞ்சியது நீரிற் கரைந்தே வழிகின்றது. ஓர் இலீற்றர் நீரில் ஒரு மில்லிகிராமின் நூற்றிற் சில பங்கு இருந்தாலே பாசி தழைக்கத் தொடங்கும். பயிருக்குப் பசி தீராத அளவு பாசிக்குப் பெருவிருந்து ஆகின்றது.

இதற்கு மருந்து பசளையை முற்றாக ஒழிப்பது அன்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை நாம் அறிவோம். இடைப்பட்ட காலத்தில் தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டையும் அறிவோம். அன்றியும், கோழி எருவிலும் பொசுபரசு மிகுதியாக உண்டு. இரசாயனப் பசளையைக் கைவிட்டு எருவை அளவின்றிக் குவிப்பவரும் அதே கேட்டையே விளைவிப்பர். பசளை எங்கிருந்து வந்தது என்று பாசி கேட்பதில்லை.

லயத்தின் பின்னே துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிடும் ஏழைத் தொழிலாளியைப் பழிப்பதும் நம் நோக்கமன்று. ஒரு போகம் பொய்த்தால் கடன் தலைமேல் ஏறும் என்னும் அச்சமே அவரை இன்னும் ஒரு பிடி அள்ளி இடச்செய்கின்றது. தம் மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு உண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வாரில்லை. நகரங்களின் கழிவுநீரும் இக்குற்றத்திற் பங்குடையது. எனினும், பிறர் பங்கைச் சுட்டி நம் பங்கை மறைத்தல் அறமாகாது.

மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவே இடுதல். சரிவுக்குக் குறுக்கே வரம்பிட்டுப் பாத்தி கட்டுதல். ஓடைக்கரையிற் சில அடியேனும் புல் வளரவிடுதல்: இம்மூன்றும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. தேயிலைக்கு வழிகாட்ட, 1925 இல் தொடங்கப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் அண்மையிலுள்ள தலவாக்கலையில் இருக்கின்றது. மரக்கறிக்கும் கிழங்குக்கும் வழிகாட்ட, நுவரெலியாவை அடுத்த சீதாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. குறைவது அவற்றுக்கும் லயத்துக்கும் இடையே ஒரு பாலமே.

அப்பாலமாக நம் கல்லூரி அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து. விழா நினைவாக வளைவு கட்டலாம் என்போரும் நம்மிடையே உளர். அவர்தம் அன்பை மதிக்கின்றோம். ஆயினும், அந்நிதியை விஞ்ஞான ஆய்வுகூடத்திலே மண் சோதிக்கும் கருவிகளுக்கு அளித்தலே மேல் எனத் துணிந்து கூறுவோம். தந்தையின் பாத்தியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, அதற்கு எவ்வளவு பசளை வேண்டும் என்று அறிந்து வீடு திரும்பும் மாணவன், அக்குடும்பத்தின் பணத்தையும் காப்பான். முகமறியாத கண்டியூரானின் குடிநீரையும் காப்பான். பழைய மாணவர் சங்கம் இதனை ஆராய்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகின்றோம்.