டெல்லியா, பனாரஸா? அறிவியல் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் தரவரிசை சொல்லாதவை

புதுடெல்லி: மத்திய அரசு 2024 ஆகஸ்டில் வெளியிட்ட தேசியத் தரவரிசையில், பல்கலைக்கழகங்கள் பிரிவில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் 5-ஆம் இடத்தையும் டெல்லி பல்கலைக்கழகம் 6-ஆம் இடத்தையும் பெற்றன. 2025 செப்டம்பரில் வெளியான அடுத்த பட்டியலில் டெல்லி 5-ஆம் இடத்துக்கு முன்னேற, பனாரஸ் 6-ஆம் இடத்துக்கு இறங்கியது. அப்போது டெல்லியில் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் கடந்திருந்தது. பழைய பட்டியலை மட்டும் நம்பிப் பனாரஸைத் தேர்ந்தெடுத்த மாணவர் எவரேனும் இருந்திருந்தால், அவர் சொன்ன காரணம் முதல் பருவத் தேர்வுக்கு முன்பே செல்லாததாகியிருக்கும்.

ஓராண்டில் இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வகங்களும் ஆசிரியர்களும் மாறிவிடவில்லை. அப்படியானால் பிளஸ் 2 முடித்து இயற்பியலோ வேதியியலோ படிக்க விரும்பும் மாணவர், இவ்விரு பெயர்களுக்கிடையே எதை வைத்து முடிவெடுப்பது என்ற கேள்வி எழுகிறது.

ஒரே மதிப்பெண், தனித்தனிச் சேர்க்கை

இந்தக் கேள்வி இத்தனை பேருக்கு எழுவதற்கு 2022-இல் அறிமுகமான க்யூட் பொது நுழைவுத்தேர்வே காரணம். அதற்கு முன் டெல்லி பல்கலைக்கழகம் பெரும்பாலான படிப்புகளுக்குப் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடத்தியது. 2021-இல் அங்குள்ள சில கல்லூரிகள் சில படிப்புகளுக்கு 100 சதவீதத்தைத் தகுதி மதிப்பெண்ணாக அறிவித்தன. பனாரஸ் தனக்கென நுழைவுத்தேர்வு வைத்திருந்தது. இப்போது ஒரே தேர்வின் மதிப்பெண் இரண்டு இடங்களுக்கும் செல்லும். 2025-இல் இத்தேர்வுக்கு 13 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தனர். தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுத வாய்ப்புள்ள இத்தேர்வைத் தமிழக சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றி எதிர்த்தது. எனினும் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் பயில விரும்பும் தமிழக மாணவர்களுக்கும் இதுவே வழியாக உள்ளது.

தேர்வு பொதுவானது, சேர்க்கை பொதுவானதன்று. ஐஐடிகளுக்கு இருப்பதுபோன்ற கூட்டுக் கலந்தாய்வு இங்கே இல்லை. டெல்லியும் பனாரஸும் தத்தம் இணையதளத்தில், தத்தம் கால அட்டவணைப்படி இடங்களை ஒதுக்குகின்றன. எனவே ஓரிடத்தில் கிடைத்த இடத்தை ஏற்பதா என்பதை, மற்றோரிடத்தின் முடிவு வருமுன்பே தீர்மானிக்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகிறது.

பெயர் ஒன்று, கல்லூரிகள் பல

இரு நிறுவனங்களின் அமைப்பே வேறு. 1922-இல் தொடங்கப்பட்ட டெல்லி பல்கலைக்கழகம், நகரெங்கும் பரவியுள்ள சுமார் 90 கல்லூரிகளின் கூட்டமைப்பு. இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் கல்லூரிகளில் நடக்கின்றன. முதுநிலைப் படிப்பும் முனைவர் ஆய்வும் பல்கலைக்கழகத் துறைகளில் நடக்கின்றன. மதன் மோகன் மாளவியாவின் முயற்சியால் 1916-இல் உருவான பனாரஸ் பல்கலைக்கழகமோ சுமார் 1,300 ஏக்கர் பரப்புள்ள ஒரே முதன்மை வளாகத்தில் இயங்குகிறது. அங்குள்ள அறிவியல் நிறுவனத்தில், முனைவர் ஆய்வு நடக்கும் அதே துறைகளில் இளநிலை மாணவர்களும் படிக்கின்றனர்.

இதன் விளைவு எளிமையானது. 'டெல்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது' என்ற செய்தி மட்டும் ஒரு மாணவர் எங்கே படிக்கப்போகிறார் என்பதைச் சொல்லிவிடாது. தேசியத் தரவரிசையின் கல்லூரிகள் பிரிவில் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்ற இந்து கல்லூரியும் இரண்டாமிடம் பெற்ற மிராண்டா ஹவுஸும் டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அப்பட்டியலில் இடம்பெறாத கல்லூரிகளும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவையே. அனைவருக்கும் பட்டத்தை வழங்குவது ஒரே பல்கலைக்கழகம். ஆய்வகமும் நூலகமும் ஆசிரியர் எண்ணிக்கையும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும்.

டெல்லியின் ஒதுக்கீட்டு முறை இன்னொரு சிக்கலையும் முன்வைக்கிறது. அங்கே மாணவர் தம் விருப்பப் பட்டியலில் படிப்பையும் கல்லூரியையும் இணைத்தே வரிசைப்படுத்த வேண்டும். புகழ்பெற்ற கல்லூரியில் பல பாடங்கள் கலந்த இயற்பியல்சார் அறிவியல் படிப்பு, அதிகம் அறியப்படாத கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் படிப்பு ஆகிய இரண்டில் எதை மேலே வைப்பது என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. கிடைத்த இடத்தை ஏற்ற பின் மேம்பட்ட இடம் கோரி, அது ஒதுக்கப்பட்டால் முந்தைய இடம் தானாக ரத்தாகிவிடும். ஆகவே பட்டியலை அவசரத்தில் நிரப்புவோர், தாம் விரும்பாத மாற்றத்துக்கும் உள்ளாகக்கூடும்.

தரவரிசை அளப்பது எதை?

பல்கலைக்கழகங்களுக்கான தேசியத் தரவரிசையில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30 சதவீதம், ஆய்வுக்கும் தொழில்முறைச் செயல்பாட்டுக்கும் 30 சதவீதம், பட்டம் பெறுவோர் நிலைக்கு 20 சதவீதம், அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கு 10 சதவீதம், பொது மதிப்பீட்டுக்கு 10 சதவீதம் என மதிப்பு வழங்கப்படுகிறது. ஆய்வு, பொது மதிப்பீடு ஆகிய இரண்டுமே 40 சதவீதம். பேராசிரியர்களின் ஆய்வுக்கட்டுரைகளால் உயரும் மதிப்பெண், முதலாமாண்டு மாணவர் ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வகப் பயிற்சி கிடைக்கிறது என்பதைக் காட்டாது.

அறிவியல் துறைகளின் பெருமையை உருவாக்குவோர் அங்கே பணியாற்றும் மனிதர்கள். குளித்தலையில் பிறந்த டி.ஆர்.சேஷாத்ரி 1949-இல் டெல்லிக்கு வந்து வேதியியல் துறைக்குத் தலைமையேற்றார். தாவர வேதிப்பொருள் ஆய்வில் அத்துறையை உலகறியச் செய்தார். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் 1920-களின் தொடக்கத்தில் பனாரஸில் வேதியியல் பேராசிரியராக இருந்தார். அந்த வரலாறு மதிப்புக்குரியது. ஆனால் இன்று சேரும் மாணவருக்குத் தேவையான தகவல், இன்று அந்தத் துறையில் நிரந்தரப் பணியில் இருப்போர் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பிரிவில் ஆய்வு செய்கின்றனர் என்பதே.

நான்காம் ஆண்டின் கணக்கு

புதிய கல்விக் கொள்கையின்படி வந்த நான்காண்டுப் பட்டம், இத்தேர்வின் எடையைக் கூட்டியுள்ளது. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில், மூன்றாண்டு முடித்துப் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டைத் தொடர்ந்தால் சிறப்புப் பட்டம் பெறலாம். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வை மேற்கொள்ளலாம். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர் முதுநிலைப் படிப்பு இல்லாமலேயே முனைவர் படிப்பில் சேர விண்ணப்பிக்கவும் வழியுள்ளது. முதுநிலையைத் தேர்ந்தெடுப்போருக்கு அது ஓராண்டாகக் குறையலாம்.

அறிவியல் மாணவருக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் ஆய்வுடன் கூடிய நான்காம் ஆண்டுக்கு வழிகாட்டும் ஆசிரியரும் கருவிகளும் தேவை. டெல்லியில் 2022-இல் சேர்ந்த முதல் அணி 2025-இல் நான்காம் ஆண்டில் நுழைந்தபோது, வகுப்பறையும் ஆய்வகமும் ஆசிரியர்களும் போதுமா என ஆசிரியர் தரப்பிலிருந்தே கேள்வி எழுந்தது. ஆய்வுத் துறைகளுடன் ஒரே வளாகத்தில் படிப்பது இவ்வகையில் பனாரஸுக்குச் சாதகம். வலுவான கல்லூரியில் இடம் பெறுவோருக்கு டெல்லியிலும் அக்குறை இராது. அந்நகரின் பிற ஆய்வு நிறுவனங்களும் அருகில் உள்ளன. எனவே நான்காண்டும் படித்து ஆய்வுக்குச் செல்லத் திட்டமிடுவோரும், மூன்றாண்டில் பட்டம் பெற்று வேலை தேடுவோரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த முடியாது.

செலவும் பின்வாங்கும் வழியும்

கட்டணத்தைவிடத் தங்குமிடமே பல குடும்பங்களின் முடிவைத் தீர்மானிக்கிறது. டெல்லியின் பல கல்லூரிகளில் விடுதியே இல்லை. வெளியே அறை எடுப்போர் வாடகை, உணவு, மெட்ரோ பயணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பனாரஸில் வளாக விடுதிகள் பல இருந்தாலும், சேர்ந்த அனைவருக்கும் இடம் உறுதியன்று.

ஓரிடத்தில் கட்டணம் செலுத்திய பின் மற்றோரிடம் கிடைத்தால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31-க்குள் ரத்து செய்தால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு எஞ்சியதையும் திருப்பித்தர வேண்டும் என யுஜிசி உத்தரவிட்டது. அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018 முதலே உள்ள விதி. அந்தந்த ஆண்டுக்கான கடைசித் தேதியைச் சேர்க்கைக்கு முன்பே அறிந்து வைத்திருப்பது அவசியம்.

ஆக, டெல்லி பல்கலைக்கழகத்தையும் பனாரஸ் பல்கலைக்கழகத்தையும் முழுமையாக ஒப்பிடுவதால் மாணவருக்குப் பயன் குறைவு. ஒதுக்கப்பட்ட குறிப்பிட்ட கல்லூரியின் இயற்பியல் துறையையும் பனாரஸ் இயற்பியல் துறையையும் ஒப்பிட்டு, ஆசிரியர், ஆய்வகம், நான்காம் ஆண்டு வசதி, தங்கும் இடம் ஆகிய நான்கையும் கேட்டறிந்தால் விடை பெரும்பாலும் தெளிவாகிவிடும். அதற்கான நேரம், விருப்பப் பட்டியலைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்புதான் இருக்கிறது.