எந்த ஜன்னலில் விளக்கு?

பகலில் மாடல் ரயில் கட்டடங்கள் எத்தனையோ குறைகளை மறைத்துக்கொள்ளும். சுவர் இணைப்பில் முடியளவு இடைவெளி, உள்ளே தளமே போடாத மாடி, பசை வழிந்த மூலை எதுவும் கண்ணில் படாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, கட்டடத்துக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டால் எல்லாம் அம்பலம். மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய ஸ்டேஷன், கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் காகித நட்சத்திரம் போலச் சுவரும் கூரையுமாகச் சேர்ந்து ஒளிரும்.

உடனே இன்னும் பிரகாசமான பல்பு வாங்கவோ, உள்ளே மேஜை நாற்காலிகளை நிரப்பவோ கிளம்பினால் நிலைமை மாறாது. இரவுக் காட்சிக்கு முதலில் வேண்டியது இருட்டு.

ஹெச்.ஓ. எனப்படும் 1:87 அளவில், 3 மீட்டர் அகலமுள்ள அறை 34 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதில் போடும் மேஜையின் உயரம் 9 மில்லிமீட்டர்கூட வராது. வெளிச்சம் மட்டும் அந்த விகிதத்தில் சுருங்குவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் சுவரை ஊடுருவி வெளியே வந்துவிடுகிறது. எனவே உட்சுவர்களுக்கு முதலில் கறுப்பு பெயின்ட் பூச வேண்டும். அது காய்ந்த பிறகு, அறைக்கு என்ன நிறமோ அது. சுவர்கள் சேரும் மூலைகளிலும் கூரை உட்காரும் விளிம்பிலும் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். அடுத்தது தடுப்பு. ஒவ்வொரு அறையும் தனி அட்டைப் பெட்டியாக இருந்தால்தான் ஒரு ஜன்னல் எரியும்போது பக்கத்து ஜன்னல் இருண்டிருக்கும்.

ஒரு காலத்தில் கோதுமை மணி அளவுள்ள பல்புகள்தான் இந்த வேலைக்கு இருந்தன. வெளிச்சத்தோடு சூடும் வரும். நெருக்கமாக வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். எல்.இ.டி. வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது. பதிலுக்கு இரண்டு புதிய கவலைகளைக் கொண்டுவந்தது: அளவுக்கு மிஞ்சிய பிரகாசம், பொருந்தாத நிறம்.

பிரகாசத்துக்கு மருந்து ரெசிஸ்டர். வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் அடாப்டரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் இணைத்தால் 9 மில்லி ஆம்பியர் ஓடும். தீப்பெட்டி அளவு அறைக்கு இது ஸ்டேடியம் விளக்கு மாதிரி. 10 கிலோ ஓம் போட்டால் மின்சாரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, அறை அறையாகத் தெரியத் தொடங்கும். எந்த மதிப்பு பொருந்தும் என்பதை இருட்டறையில் சோதித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நிறம் காலத்தைச் சொல்லும். குண்டு பல்பின் மஞ்சளுக்கு 2,700 கெல்வின் எல்.இ.டி. சரியாக இருக்கும். டியூப் லைட்டின் வெண்மைக்கு 6,500 கெல்வின். கரி இன்ஜின் நிற்கும் பிளாட்பாரத்துக்குப் பின்னால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், இன்ஜினுக்காகப் பட்ட பாடெல்லாம் வீண். மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த ஸ்டேஷன் என்றால் எல்.இ.டி.யின் மேல் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு பெயின்ட் ஒரு சொட்டு போதும். விளக்கு கூரையடியில், ஜன்னல் வழியே நேராகத் தெரியாத இடத்தில் இருக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணில் படவேண்டியது வெளிச்சம் விழுந்த சுவரும் மேஜையும்தான்.

அறைக்குள் என்ன வைப்பது? மூன்றடி தள்ளி நிற்பவருக்கு ஜன்னலை ஒட்டிய பொருள்களே தெரியும். அங்கே ஒரு மேஜையும் ஓர் ஆளும் போதும். பின்சுவரில் அலமாரி, காலண்டர், கடிகாரம் அச்சிட்ட படத்தை ஒட்டிவிடலாம். அதே படத்தை ஜன்னல் கண்ணாடியிலேயே ஒட்டுவது சோம்பேறித்தனம். பார்ப்பவர் ஓரடி நகர்ந்ததும் குட்டு உடைந்துவிடும்.

தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது இன்னொரு பொறி. பழைய டி.சி. முறையில் ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே தண்டவாளத்தின் வோல்டேஜ். ரயில் ஸ்டேஷனில் வந்து நின்றதும் ஸ்டேஷன் விளக்கு அணைந்துவிடும். கட்டடங்களுக்குத் தனி அடாப்டர் வைப்பதே சரி.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் முக்கியமான கேள்வி வருகிறது: எந்த ஜன்னலில் விளக்கு எரிய வேண்டும்? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ல் திறக்கப்பட்ட மினியாட்டூர் வுண்டர்லேண்டில் ஒரு நாள் 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் விளக்குகள் ஆங்காங்கே எரியத் தொடங்குகின்றன. எல்லாம் ஒரே நொடியில் எரிந்தால் அது ஊராக இருக்காது, கண்காட்சி அரங்காகிவிடும்.

வீட்டு மேஜையில் இதைச் செய்ய கம்ப்யூட்டர் வேண்டாம். இந்தியாவின் ஒரு சிறிய ஸ்டேஷனை நடுநிசியில் நினைத்துப் பார்த்தால் போதும். டிக்கெட் கவுன்ட்டர் மூடிக் கிடக்கும். காத்திருப்போர் அறையில் மங்கலாக ஒரு மஞ்சள் பல்பு. பெஞ்சில் மூட்டையோடு மூட்டையாகச் சுருண்ட ஒருவர். குடியிருப்புகள் எல்லாம் இருட்டு. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் மட்டும் வெளிச்சம். ஸ்டேஷன் மாஸ்டர் அறை மட்டும் டியூப் லைட்டில் விழித்திருக்கும். அடுத்த ஸ்டேஷனுக்கு லைன் கிளியர் கொடுக்க அவர் இருந்தே ஆக வேண்டும். பத்து ஜன்னலில் மூன்றுதான் எரிகின்றன. யார் தூங்குகிறார்கள், யார் தூங்கவில்லை என்பது புரிந்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. கூரையை மட்டும் பசை போட்டு ஒட்டிவிடக் கூடாது. என்றாவது ஒரு இணைப்பு விட்டுப்போகும். அன்றைக்கு ஸ்டேஷன் மாஸ்டரை இருட்டிலிருந்து மீட்க, கூரையைத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை.