நாமகிரிப்பேட்டைக்கு வந்து சேரும் விலை

பழைய ஸ்விஃப்ட் காருக்கு முன்பக்க பம்பர் வேண்டும். ராசிபுரம் கடையில் சொல்லும் விலையைவிட இணையத்தில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் குறைவாகக் காட்டுகிறது. நாமக்கல் மாவட்டம் நாமகிரிப்பேட்டையில் உட்கார்ந்து கைப்பேசியில் இதைப் பார்ப்பவருக்கு ஆசை வருவது இயல்பு. பொருளைத் தேர்ந்தெடுத்து, பெயர், முகவரி, 637 என்று தொடங்கும் பின்கோடு எல்லாம் கொடுத்த பிறகு, பணம் கட்டும் பக்கத்தில் ‘ஷிப்பிங்’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. சில நேரம் அது பம்பர் விலையில் பாதியைத் தொடும். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் நிறைய.

அந்த வரியை விலைக்கு வெளியே இருக்கும் சில்லறைச் செலவாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. வாகன உதிரி பாகத்தைப் பொறுத்தவரை வண்டி வாடகையும் விலைதான்.

இதை நாமகிரிப்பேட்டைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் மஞ்சள் ஏலம் நடக்கிறது. விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டை கொண்டுவரும் விவசாயி, ஈரோட்டில் விலை கொஞ்சம் கூடுதல் என்று கேள்விப்பட்டதும் லாரியைத் திருப்பிவிடுவதில்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, அங்கே விலை படியாவிட்டால் காத்திருக்கும் செலவு எல்லாவற்றையும் கழித்துக் கையில் நிற்பது எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் முடிவெடுப்பார். விற்கும்போது இவ்வளவு கணக்குப் பார்க்கும் ஊர், வாங்கும்போதும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்த்துக் காசு வாங்குவதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலாக உள்ள முறை. தராசு காட்டும் எடை, இப்படிக் கிடைக்கும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 170 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 40 உயரம் உள்ள பெட்டியில் ஒரு பம்பரை வைத்தால் கணக்கில் 68 கிலோ வருகிறது. உள்ளே இருப்பதோ நான்கைந்து கிலோ பிளாஸ்டிக். நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு. ஒரு செட் பிரேக் பேடை எடுத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 12-க்கு 8 சென்டிமீட்டர் பெட்டிக்கு இந்த முறையில் அரை கிலோகூட வராது. தராசு எடைக்கே கட்டணம், அதுவும் சொற்பம். ஆகவே ‘இணையத்தில் மலிவா, கடையில் மலிவா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பிரேக் பேடுக்கு ஒரு பதில், பம்பருக்கு வேறு பதில். பானட், கதவு, ஃபெண்டர், சைலன்சர், கண்ணாடி எல்லாம் பம்பர் கட்சி. சென்சார், ரிலே, ஃபில்டர், பேரிங், வைப்பர் மோட்டார் எல்லாம் பிரேக் பேடு கட்சி.

விற்பவரே அனுப்பும் செலவையும் சேர்த்து பில் போட்டால், அதற்கும் பொருளுக்குரிய ஜிஎஸ்டியே பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீதம் என்று ஆனது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. இந்தக் குறைப்பு நல்லது. ஆனால் வரி குறைந்ததால் மிஞ்சும் தொகையை வண்டி வாடகையில் விட்டுவிட்டால் வாங்கியவருக்கு என்ன லாபம்?

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. கார் கம்பெனியின் ஒரிஜினல் பாகத்துக்கு உறையிலேயே எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும். அது வரி உட்பட, நாடு முழுவதற்குமான விலை. டெல்லி காஷ்மீர் கேட்டில் வாங்கினாலும் சேலத்தில் வாங்கினாலும் அதைத் தாண்டி வாங்கக் கூடாது. சேலத்து டீலர் வரை பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதே பொருளை வெளி மாநிலத்திலிருந்து கூரியரில் வரவழைத்து அதற்குத் தனியாக வாடகை கொடுப்பவர், ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார். தள்ளுபடி அந்த வாடகையைவிடப் பெரிதாக இருந்தால் ஒழிய இது நஷ்ட வியாபாரம். தள்ளுபடி மிகப் பெரிதாக இருந்தாலோ, பொருள் ஒரிஜினல்தானா என்று சந்தேகப்பட வேண்டும். பிரேக், ஸ்டியரிங் தொடர்பான பாகங்களில் டூப்ளிகேட் வந்து மாட்டினால் இழப்பு பணத்தோடு நிற்காது.

பட்டறையில் ஒரு கிளட்ச் செட் பிரிக்கப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கியர்பாக்ஸை இறக்கிவைத்துவிட்டு, மெக்கானிக் பழைய பிளேட்டை வேஸ்ட் துணியால் துடைத்து, புதிதாகப் பார்சலில் வந்த பிளேட்டின் மேல் வைக்கிறார். விளிம்பு சரியாகப் பொருந்துகிறது. பிறகு நடுத்துளையின் பற்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறார். மறுபடியும் எண்ணுகிறார். “இது உட்காராதுங்கண்ணா, பல்லு மாறுது. திருப்பி அனுப்பிருங்க.” அதே மாடல், அதே பெயர், அதே ஆண்டுதான். ஆண்டின் நடுவில் கம்பெனி இன்ஜினையோ கியர்பாக்ஸையோ மாற்றியிருந்தால் இணையத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடியவருக்கு அது தெரியாது. 17 எழுத்தும் எண்ணுமாக ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரையும், பழைய பாகத்தில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரையும் ஒப்பிட்டு வாங்கினால் இந்தத் தவறு பெருமளவு குறையும். அந்த ஒப்பீட்டை உள்ளூர்க் கடைக்காரர் தனிக் கட்டணம் வாங்காமல் செய்து தருகிறார். பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோனால் போதும். பொருந்தாவிட்டால் மாலையே போய் மாற்றிக்கொள்ளலாம். அவர் கூடுதலாகக் கேட்கும் ஐந்நூறு ரூபாயில் இந்த உழைப்பும் இந்த உத்தரவாதமும் இருக்கின்றன. அதை வெறும் கடைக்காரர் லாபம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

கியர்பாக்ஸ் இறங்கிய கார், சரியான பாகம் வந்து சேரும் வரை பட்டறையில்தான் நிற்கும். சொந்தக் கார் என்றால் பேருந்தில் போய்க்கொள்ளலாம். பிக்கப் வண்டியோ வாடகைக் காரோ வைத்துப் பிழைப்பவருக்கு? மரவள்ளி லோடு, முகூர்த்தநாள் வாடகை, ஆஸ்பத்திரி சவாரி என்று ஒரு நாளில் கிடைப்பது, இணையத்தில் மிச்சப்படுத்திய தொகையைவிட அதிகம். வண்டி மாதத் தவணையில் ஓடுகிறது என்றால் நின்ற நாளுக்கும் வட்டி ஓடும். பொருள் விலை, அனுப்பும் செலவு, வண்டி நிற்கும் நாள்களின் வருமான இழப்பு, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு ஆகிய நான்கையும் கூட்டி வருவதுதான் உண்மையான விலை. கைப்பேசித் திரை முதலாவதை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுகிறது.

இதனால் இணையத்தில் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு இணையத்தைவிட்டால் வழியே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. டவேரா, பீட், ஸ்பார்க் வைத்திருந்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை 2022-இல் மூடப்பட்டது. ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் இன்னும் ஓடுகின்றன. ஃபியட்டின் புன்டோ, லினியா கதையும் இதுதான். இந்த வண்டிகளின் பாகங்களைச் சிற்றூர்க் கடைக்காரர் முதல் போட்டு வாங்கி அடுக்கிவைக்க மாட்டார். வைக்கச் சொல்லவும் முடியாது. எங்கோ குருகிராமிலோ புனேயிலோ ஒரு குடோனில் கிடக்கும் கடைசி வாட்டர் பம்ப்பை நாமகிரிப்பேட்டைக்காரர் தேடிப் பிடிக்க முடிகிறது என்றால் அது இணையம் செய்த பெரிய நன்மை. பூட்மோ போன்ற உதிரி பாகத் தளங்களில் பார்ட் நம்பரை வைத்தே தேடலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டால் இன்னொரு வழியும் பிறக்கும். ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின்தான் மாருதி ஸ்விஃப்ட்டிலும் டாடா விஸ்டாவிலும் இருந்தது. எல்லாப் பாகமும் மாறிப் பொருந்தாது என்றாலும், இன்ஜினுக்குள் இருக்கும் சில பாகங்களை ஸ்விஃப்ட் கணக்கில் ராசிபுரத்திலேயே வாங்கிவிடலாம்.

ஒரிஜினல் பாகம் வெளிச்சந்தையில் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு சட்டப் போராட்டமும் இருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் கட்டுப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடு என்று நீண்டது. ஆனாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் பாகம் கிடைக்காது என்ற நிலை சரியல்ல என்பதை அந்த உத்தரவு அழுத்தமாகப் பதிவு செய்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தில் இடம்பெற்ற துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. பாகம் கிடைக்கும் உரிமை என்று பேசினால், அது நியாயமான செலவில் வீடு வந்து சேர்வதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் என்று லாரித் தொழிலில் நாடறிந்த ஊர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது நாமகிரிப்பேட்டை. பெரிய பாகத்துக்குக் கூரியரை நம்ப வேண்டிய அவசியமே இங்கு இல்லை. கோவை, சென்னை, பெங்களூரு மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டு, லாரி பார்சலில் ‘டு பே’ போடச் சொன்னால், சேலத்திலோ ராசிபுரத்திலோ பார்சல் ஆபீஸில் வாடகை கட்டி எடுத்துக்கொள்ளலாம். வீடு வரை வராது. ஆனால் பம்பர் கட்சிப் பொருள்களுக்குக் கூரியரைவிட இது பெரும்பாலும் மலிவு. சேலம் கடைக்காரர் பேருந்தில் கொடுத்துவிட்டு, கண்டக்டர் பெயரையும் நேரத்தையும் போனில் சொல்ல, இங்கே பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொள்ளும் பழக்கமும் வெகுகாலமாக உண்டு. சாமான் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

லாரி பார்சலில் ஒரு கவனம் தேவை. சரக்கின் மதிப்பை எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, கூடுதல் மதிப்பைத் தெரிவித்து அதற்குரிய கட்டணத்தைக் கட்டியிருந்தால் ஒழிய, சரக்கு தொலைந்தாலோ உடைந்தாலோ கிடைக்கும் ஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு. அது செலுத்திய வாடகையைப் பொறுத்தது. ஹெட்லைட், கண்ணாடி போன்றவற்றுக்கு இந்த ஒரு வரி முக்கியம். இழப்பு ஏற்பட்டால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் வாங்குபவருக்குச் சட்டம் இதைவிட நன்றாகவே துணை நிற்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் அனுப்பும் செலவு, கையாளும் செலவு, வரி எவ்வளவு என்று பிரித்தும் காட்டச் சொல்கின்றன. பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. ‘பெட்டியைப் பிரித்தால் திரும்பப் பெற மாட்டோம்’ என்று ஒரு தளம் எழுதிவைத்திருந்தாலும், தவறான பாகத்தை அனுப்பியவருக்கு அது கேடயம் ஆகாது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக் கடைசியில் முழுத் தொகையைக் காட்டுவதை வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளன. ஆனாலும் முதல் பக்கத்தில் ஒரு விலையும் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விலையும் காட்டும் பழக்கம் ஓயவில்லை.

பின்கோடைக் கொடுத்ததும், பொருள் இருக்கும் அதே பக்கத்தில், பெட்டியின் அளவையும் அனுப்பும் செலவையும் தளங்கள் காட்ட வேண்டும். அதற்கான விவரம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட முடிகிற கணினியால் முதல் பக்கத்திலும் போட முடியும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து வாங்கியும் பாகம் பொருந்தாமல் போனால் இரு வழிச் செலவையும் விற்பவரே ஏற்க வேண்டும். ராசிபுரம், நாமகிரிப்பேட்டைக் கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம்: இருப்பையும் விலையையும் வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே சொல்லலாம். விலை தெரியாததால்தான் பாதிப் பேர் இணையத்துக்குப் போகிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு: பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். தவறான பொருள் வந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர அவர் கடமைப்பட்டவர். அதிலும் பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் நாமக்கல் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.