கராஜ் இல்லாதவனின் கார்

கராஜ் இல்லாதவர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கக் கூடாது என்று கனடாவில் எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் கூடும் கல்யாண மண்டபங்களின் வாகனத் தரிப்பிடங்களில் அந்தச் சட்டம் அமுலில் இருக்கிறது. "தம்பி, உதை எங்கை விடுறீர்?" என்பது முதற் கேள்வி. வெளியில்தான் என்றதும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பொழிப்புரை தேவையில்லை.

என்னுடையது பன்னிரண்டு வயதான போர்ஷே 911. எனக்கு முன் இருவர் ஓட்டியது. நான் கொடுத்த காசுக்கு ஏழுபேர் இருக்கும் புது எஸ்.யு.வி. ஒன்று வாங்கியிருக்கலாம், வாங்கியிருந்தால் அது எங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிரிப்போடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வரிசைவீட்டு வளாகத்தில் எண்பது வீடுகள். முன்வரிசைக்குக் கராஜ் உண்டு. பின்வரிசைக்கு வெள்ளைக்கோடு போட்ட திறந்த இடம் மட்டும். நான் பின்வரிசை. வளாகத்தின் நிர்வாகசபை இந்த மாதம் ஒரு புது விதியை அறிவித்திருக்கிறது: திறந்த தரிப்பிடத்தில் உறை போட்ட வாகனம் நிற்கக் கூடாது, முப்பது நாள் நகராத வாகனம் இழுத்துச் செல்லப்படும். காரணம், வளாகத்தின் தோற்றமும் வீட்டு விலையுமாம். சபையில் ஐந்துபேர். ஐவரும் முன்வரிசை. மூவர் நம்மவர்கள்.

முன்வரிசைக் கராஜ்களுக்குள் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், நாலைந்து பேருக்கு இன்ரநெற் கம்பி இழுத்துக் கொடுக்கப் போயிருக்கிறேன். மீன் நிறைந்த இரண்டாவது ஃபிரீசர். அரிசி மூட்டைகள். ஊருக்கு அனுப்ப வாங்கி இன்னும் அனுப்பாத பெட்டிகள். பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குச் செய்த அலங்காரத் தூண்கள். கார் மட்டும் இல்லை. அது வீட்டு வாசலில், வெயிலிலும் பனியிலும், என்னுடையதைப் போலவே வெளியில்தான் நிற்கிறது. அவர்களுடைய வெளி வீட்டின் முகப்பு. எங்களுடைய வெளி வளாகத்தின் அசிங்கம்.

சரி, காருக்குக் கூரை வேண்டுமா? இரும்பிடம் கேட்போம். கறள் பிடிக்க ஈரமும் ஒட்சிசனும் வேண்டும். உப்பும் வெப்பமும் அதை விரைவாக்கும். ஜனவரி மாதம் 401 நெடுஞ்சாலையில் ஓடிவந்த காரை, அடியில் உப்புச்சேறு அப்பியபடி, சூடாக்கிய கராஜுக்குள் விடுகிறீர்கள். பனி உருகும். உப்புநீர் மூட்டுகளுக்குள் இறங்கும். கதவு மூடியிருப்பதால் ஈரம் போக வழியில்லை. அதே கார் வெளியே மைனஸ் பத்துப் பாகையில் நின்றால் அந்த வேதிவினை அரைத் தூக்கத்தில் இருக்கும். போர்ஷே 1975இலேயே 911இன் உடலை இருபுறமும் துத்தநாகம் பூசிய எஃகில் செய்யத் தொடங்கிவிட்டது. துத்தநாகம் தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து எஃகைக் காக்கும். மழைக்குப் பயந்து செய்யப்பட்ட காரல்ல அது.

காரைக் கொல்வது வானமல்ல, அறியாமல் செய்யும் பராமரிப்பு. பிளாஸ்ரிக் தறப்பாளை இழுத்து மூடிக் கயிறு கட்டுவார்கள். உள்ளே வியர்த்து நாலு மாதம் ஊறும், காற்றடிக்கும்போது தறப்பாள் பெயின்ரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். மூச்சு விடுகிற துணியுறை வேண்டும், அதுவும் கழுவித் துடைத்த காரில், உடம்போடு ஒட்டி. "கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஸ்ரார்ட் பண்ணி விடுங்கோ அண்ணை" என்று எனக்குச் சொல்லாதவர் இல்லை. அதைவிடக் கெடுதல் குறைவு. பெற்றோல் எரிந்தால் நீராவி வரும்; பத்து நிமிடத்தில் எஞ்சினும் சைலன்சரும் அதை விரட்டும் அளவுக்குச் சூடாகாது; தண்ணீர் எண்ணெயிலும் குழாயிலும் தங்கிவிடும். ஓட்டினால் அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள், இல்லையேல் தொடாதீர்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். முதல் உப்பு விழுமுன் எண்ணெய் மாற்றுவேன், ஏனென்றால் பழைய எண்ணெயில் அமிலம் இருக்கும். ராங்கை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் இருக்க மருந்து ஊற்றுவேன். ரயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டுவேன். ஹாண்ட் பிறேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜரில் போடுவேன். சார்ஜ் நிறைந்த பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது, தீர்ந்தது மைனஸ் 10க்கு அருகிலேயே உறைந்து வெடிக்கும். (911இன் முன்மூடி மின்சாரத்தில் திறப்பது. பற்றரியைக் கழற்றிய பிறகு அதை அறைந்து மூடுபவருக்கு வசந்தகாலம் பிந்தித்தான் வரும்.) ஏப்ரல் மழை தெருவைக் கழுவிய பிறகு உறையைக் கழற்றுவேன். மேப்பிள் பிசினும் பறவை எச்சமும்தான் கோடையில் எனக்குப் பகை. அவற்றுக்குத் தண்ணீரும் மெழுகும் போதும்.

இனி அந்த முப்பது நாள் விதியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். என் காரிலுள்ள கோடைகால ரயரின் ரப்பர் கடுங்குளிரில் கண்ணாடி போலாகும். மைனஸ் 7 பாகைக்குக் கீழே அதை உருட்டினாலே வெடிப்பு விழலாம். பனிக்காலத்துக்கு ஓட்டும் காப்புறுதியை நிறுத்தி, தீ, திருட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். தெருவில் இறக்கினால் அது சட்டமீறல். ஆக, வளாகத்தின் விதிக்குக் கீழ்ப்படிய நான் நாட்டின் சட்டத்தை மீற வேண்டும்.

ஒரு போர்ஷேக்காரனின் முறைப்பாடுதானே என்பீர்கள். பின்வரிசையில் எழுபது தாண்டிய ஐயா ஒருவர் பழைய கொரோலா வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு தமையனாரின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போனார். அந்தியேட்டியே முப்பத்தோராம் நாள். முடித்து அவர் திரும்பி வரும்போது, இந்த விதி இருந்திருந்தால், கார் இழுவைக்காரரின் முற்றத்தில் நின்றிருக்கும், நாளுக்கு நாள் கட்டணம் ஏறியபடி. நிலவறைகளில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். விதி என் காரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கலாம். விழப்போவது அவர்கள் தலையில்.

யப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கார் பதிய வேண்டுமென்றால், அதை நிறுத்த இடமிருக்கிறது என்று பொலிசிடம் அத்தாட்சி பெறவேண்டும். தரிப்பிட விடயத்தில் உலகிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று. அதுகூட இடத்தைத்தான் கேட்கிறது, கூரையைக் கேட்கவில்லை.

நம்மவர் மூவரும் சபையிலிருந்து இதற்குக் கையுயர்த்தியதுதான் எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் யாரிடம் கராஜ் இருந்தது? ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் வேம்பின் கீழ் நின்றன. வசதியானவர் நாலு கப்பு நட்டுக் கிடுகு போட்டார். வெயில் படாது, நாலு பக்கமும் காற்று வரும். கார் வைக்க அதைவிட நல்ல கொட்டிலை ஒரு பொறியியலாளர் வரைந்து தரமாட்டார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது அதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நாற்பது வயதுக் கார்கள். கடற்காற்று வீசும் ஊரில். அவற்றைக் காப்பாற்றியது கதவல்ல. நாள்தோறும் ஓட்டியதும் ஒழுங்கைக்கு ஒருவராய் இருந்த மெக்கானிக்குகளும்.

திருட்டு என்று ஒரு வாதம் வரும். அதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2024 ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ், மொன்றியல் துறைமுகத்தில் 598 திருட்டு வாகனங்களை மீட்டதாக அறிவித்தது. ஆனால் காப்புறுதித் துறை வெளியிடும் பட்டியல்களில் அடிக்கடி வருகிற பெயர்களைப் பாருங்கள்: ஹைலாண்டர், சிஆர்-வி, லெக்ஸஸ் ஆர்எக்ஸ். முன்வரிசை வாசல்களில் நிற்பவை. கள்வருக்கு வேண்டியது உடனே கப்பலேறக்கூடிய வண்டி. பற்றரி வீட்டுக்குள்ளும் சக்கரத்தில் பூட்டும் இருக்கிற, அந்தக் கூட்டத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு 911ஐ இரவோடிரவாகக் கொண்டுபோவது அவர்களுக்கும் வேலை.

ஒன்ராறியோவின் கூட்டுக்குடியிருப்புச் சட்டப்படி, நிர்வாகசபை அறிவித்த விதி முப்பது நாளில் நடைமுறைக்கு வரும், அதற்குள் உரிமையாளரில் நூற்றுக்குப் பதினைந்துபேர் எழுத்தில் கூட்டம் கேட்காவிட்டால். எண்பது வீட்டுக்குப் பன்னிரண்டு கையெழுத்து. ஒன்பது கிடைத்திருக்கிறது, அதில் இரண்டு முன்வரிசையிலிருந்து. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஐயாவும் நானும் இந்தச் சனிக்கிழமை மிச்சக் கதவுகளைத் தட்டப் போகிறோம், அவருடைய கொரோலாவை முதலில் முப்பது மீற்றர் நகர்த்திவிட்டு.