பழைய மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் மீள்குடியேறி வாழும் ஒரு தாயார், சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பிஸ்கட் பேணியை என் முன்னால் திறந்து வைத்தார். உள்ளே மூன்று சிறிய ஒளிநாடாக்கள். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியவை.

"தம்பி, இது மூத்தவளின்ர கலியாண வீடியோ. கனடாவில இருந்து வந்த என்ர அண்ணர் எடுத்தவர். கடைசி மகன் இதில ஓடித் திரியிறான். அவன்ர படத்தைக் கேட்ட இடமெல்லாம் குடுத்திட்டன். ஆனா அவன் கதைக்கிற சத்தம் இதில மட்டுந்தான் இருக்கு" என்றார்.

2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின்னர் அந்த மகனைப் பற்றிய தகவல் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. நாடாக்களைப் பார்ப்பதற்கு வழி தேடி அவர் பல கடைகள் ஏறி இறங்கியிருக்கிறார். இப்போது அதற்கு இயந்திரம் இல்லை என்றார்கள் சிலர். கொழும்பில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு நாடாக்களைத் தம்மிடம் விட்டுச் செல்லுமாறு கேட்டிருக்கிறார். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. வந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

இறுதியில் வழி திறந்தது என் அலமாரியில் கிடந்த ஒரு பழைய மடிக்கணினியும், அதன் பக்கவாட்டுத் துவாரத்தில் செருகும் ஒரு சிறு அட்டையும்தான்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், புலம்பெயர்ந்தோர் பலர் ஆண்டுக்கணக்கில் காணாத உறவுகளைக் காண ஊருக்கு வந்தனர். அவர்களின் கைகளில் மினி டி.வி. எனப்படும் சிறு வீடியோ கமராக்கள் இருந்தன. இங்கே டி.வி. என்பது தொலைக்காட்சியல்ல, எண்முறை ஒளிப்பதிவு. திருமணங்கள், முதல் நன்மை விழாக்கள், மடுத் திருவிழா, 1990 ஒக்டோபரில் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தமது இடிந்த வீடுகளைப் பார்க்க வந்த காட்சிகள் எனப் பலவும் அந்த நாடாக்களில் பதிவாகின. 2007இலும் 2008இலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பு மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தபோது அவ்வீடுகளும் மரங்களும் மனிதர்களும் சிதறிப்போயினர். அந்தச் சில ஆண்டு அமைதியின் அசையும் சாட்சியம் பெரும்பாலும் இந்த நாடாக்களிலேயே எஞ்சியுள்ளது.

அவற்றை இன்றைய கணினிக்குள் கொண்டுவருவது ஏன் கடினம்? அந்தக் கமராக்கள் படத்தை வெளியே அனுப்பியது பயர்வயர் என்னும் இணைப்பினூடாக. 1995இல் தரப்படுத்தப்பட்ட அதனை சோனி நிறுவனம் ஐ-லிங்க் என்று அழைத்தது. கமராவில் யூ.எஸ்.பி. துவாரமும் இருக்கலாம். ஆனால் பல மாதிரிகளில் அது நிழற்படங்களுக்கும் தரம் குறைந்த காட்சிக்கும் மட்டுமே உதவும். நாடாவில் உள்ளதை உள்ளபடியே எடுப்பதற்குப் பயர்வயர் வேண்டும். இன்று கடைக்கு வரும் மடிக்கணினிகளில் அது இல்லை.

இங்கேதான் பழைய மடிக்கணினியின் பக்கவாட்டுத் துவாரம் பயன்படுகிறது. 1990களில் மடிக்கணினிகளில் பி.சி. கார்ட் என்ற அட்டைக்கான துவாரம் வந்தது. மோடம் அட்டையை அதில் செருகித் தொலைபேசிக் கம்பியூடாகச் செய்தி அனுப்பிய காலம் எங்கள் தலைமுறைச் செய்தியாளருக்கு நினைவிருக்கும். 2003இல் அதன் வாரிசாக எக்ஸ்பிரஸ் கார்ட் அறிமுகமானது. கணினியில் இல்லாத இணைப்பை ஓர் அட்டையால் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே இவ்விரண்டினதும் பயன். பயர்வயர் அட்டையைச் செருகினால், அந்த வசதி இல்லாத மடிக்கணினியும் கமராவுடன் பேசத் தொடங்கிவிடும்.

வாங்க நினைப்போர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பி.சி. கார்ட் துவாரத்தில் எக்ஸ்பிரஸ் கார்ட் பொருந்தாது. எக்ஸ்பிரஸ் கார்ட்டிலும் 34 மில்லிமீற்றர், 54 மில்லிமீற்றர் என இரு அகலங்கள் உண்டு. ஒடுங்கிய அட்டை அகன்ற துவாரத்தில் பொருந்தும், அகன்றது ஒடுங்கியதில் பொருந்தாது. கமராப் பக்கத்தில் நான்கு ஊசி முனையும் அட்டைப் பக்கத்தில் பெரும்பாலும் ஆறு ஊசி முனையும் இருக்குமாதலால் அதற்கேற்ற கம்பி தேவை. பயர்வயர் முனையை யூ.எஸ்.பி. முனையாக மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் மலிவான சிறு குமிழ்களை வாங்கி ஏமாற வேண்டாம். வடிவம் மாறுமே தவிர மொழி மாறாது.

ஒரு மணி நேர நாடாவைப் பிரதியெடுக்க ஒரு மணி நேரமே ஆகும். ஏறத்தாழ 13 கிகாபைற் இடம் தேவைப்படும். வின்டோஸ் கணினியில் வின்.டி.வி., லினக்ஸில் டி.வி.கிராப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தேவைப்படுவது பொறுமை மட்டுமே.

ஆனால் காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025இல் வெளியான மெக் இயங்குதளத்தின் 26ஆம் பதிப்பில் ஆப்பிள் நிறுவனம் பயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டது. லினக்ஸில் அதனைப் பராமரிப்பவர் 2029 வரைக்குமே திட்டம் வகுத்திருக்கிறார். பழைய கமராக்கள் பழுதடைகின்றன. திருத்துவோரும் அருகி வருகின்றனர். கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த மன்னார் போன்ற இடத்தில் காந்த நாடா நீண்டகாலம் தாக்குப்பிடிப்பது அரிது.

"இதெல்லாம் எதற்கு? தொலைக்காட்சியில் ஓடவிட்டுக் கைத்தொலைபேசியால் எடுத்துவிட்டால் முடிந்ததே" என்று ஒரு நண்பர் கேட்டார். வேறு வழியே இல்லையெனில் அதையேனும் செய்யுங்கள். ஆனால் திரையைப் படம் பிடிக்கும்போது முகம் மங்கும், குரல் அறையின் இரைச்சலோடு கலக்கும். முகமும் குரலும்தான் இங்கே தேவைப்படுபவை. நகரத்து நிலையங்களிடம் கொடுக்கலாம் என்பது மற்றொரு வாதம். அந்தத் தாயாரைப் போன்றவர்களுக்கு நாடாவைக் கைவிட்டுக் கொடுப்பதே பெருந்துன்பம். அதில் பதிவாகியுள்ள முகங்கள் யார் கண்ணில் படும் என்ற அச்சமும் நியாயமானதே. நாடா இயந்திரத்தைத் தேடிப் போவதைவிட, இயந்திரம் நாடாவைத் தேடி வீட்டுக்கு வருவதே முறை. அதற்கு மேசைக் கணினி உதவாது. மடிக்கணினியும் அட்டையுமே தோதானவை.

ஆவணத்தின் வலிமை என்னவென்பதை மன்னார் மாவட்டம் அறியும். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று வினவினார். அந்த எண் உணர்ச்சியால் எழுந்ததல்ல. வன்னியில் இருந்தோர் பற்றிய அரச அலுவலகப் பதிவிலிருந்து, வெளியேறி வந்தோர் பற்றிய ஐ.நா. எண்ணிக்கையைக் கழித்துப் பெற்றது. தாள்கள் பேணப்பட்டிருந்ததால் அந்தக் கேள்வி உருவம் பெற்றது. நாடாக்களும் தாள்களைப் போன்றவையே. படிக்கும் கருவி இல்லாமற் போனால் அவை வெறும் பிளாஸ்டிக்.

எனவே நான் முன்வைப்பது மிக எளிய யோசனை. ஒவ்வொரு பங்கிலும், பள்ளிவாசலிலும், கோயில் பரிபாலன சபையிலும், பொது நூலகத்திலும் இத்தகைய ஒரு பழைய மடிக்கணினி, ஓர் அட்டை, இயங்கும் ஒரு கமரா, இரண்டு வன்தட்டுகள் ஆகியவற்றைப் பொதுச் சொத்தாக வைத்திருக்கட்டும். க.பொ.த. உயர்தரம் முடித்துக் காத்திருக்கும் இரு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். அவர்கள் வீடு வீடாகச் செல்லட்டும். பிரதி உரியவரிடமே இருக்கட்டும். அவர் சம்மதித்தால் மட்டும் மற்றொன்று பொதுவில் பேணப்படட்டும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ளோர், துவாரமுள்ள பழைய மடிக்கணினியை எடைக்குப் போடாமல் ஊருக்கு அனுப்பி வைக்கட்டும்.

அந்த மூன்று நாடாக்களில் ஒன்று பூஞ்சணம் பிடித்து ஓட மறுத்துவிட்டது. இரண்டு ஓடின. இரண்டாவதில், பந்தலுக்குப் பின்னால் நின்று ஒரு பையன், "மாமா, என்னையும் எடுங்கோ" என்கிறான். அவ்வளவுதான். அந்தத் தாயார் அதனைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஓடாத மூன்றாவது நாடா ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் யாரிடமாவது கிடைத்திருந்தால் ஓடியிருக்கக் கூடும். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பேணி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.