எதிர்வெயிலில் எல்லா மூக்கும் கறுப்பு

சாரல் சீசன் முடிந்து குற்றாலத்தில் கூட்டம் குறைந்த பிறகுதான், குத்துக்கல்வலசை, தென்காசிப் பக்கத்துக் குளங்களுக்கு வேறு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சைபீரியா, மங்கோலியா வரை தூரத்திலிருந்து வரும் நீள்மூக்குப் பறவைகளைச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் பெருகிய குளம் தை மாதம் வற்றி, ஓரத்தில் சேறு தெரியும்போது பார்க்க வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் நிறத்தைத்தான் தேடுவார்கள். இங்கே அது உதவாது. குளிர்காலத்தில் எல்லாம் சாம்பலும் பழுப்புமாகத்தான் நிற்கும். மூக்கைப் பாருங்கள். கருவால் மூக்கனுக்கு நீளமான, நேரான மூக்கு. அடிப்பாகம் இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. பறந்தால் சந்தேகமே வேண்டாம்: இறக்கையில் வெள்ளைப் பட்டை, வால் நுனி கறுப்பு. அதன் பங்காளி பட்டைவால் மூக்கனுக்கு மூக்கு லேசாக மேலே வளைந்திருக்கும். அது கடற்கரை ஆள். 2022இல் அந்த இனத்தின் இளம் பறவையொன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. பெரிய கோட்டானுக்கு (ராத்திரி அலறுகிற கோட்டான் இல்லை) மூக்கு கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதைப் பார்க்கத் தூத்துக்குடிக் கடலோரம் போக வேண்டும்.

நம் வயலுக்கே வருவது விசிறிவால் உள்ளான். வைக்கோல் நிறக் கோடுகளோடு சேற்றில் பதுங்கிக் கிடக்கும். மிதித்துவிடப் போகிற நேரத்தில் கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பி, வளைந்து வளைந்து பறந்துவிடும். மேயும்போது மூக்கைச் சேற்றில் தையல் மிஷின் ஊசி மாதிரி இறக்கி ஏற்றும்.

“அண்ணாச்சி, கண்ணு தெரியாம எப்படிப் புழு எடுக்குது?” என்றார் வரப்பில் நின்றவர்.

நுனி முழுக்க நரம்பு, தொட்டே கண்டுபிடிக்கும். மூக்கு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் விரித்துப் புழுவைப் பிடிக்கவும் முடியும்.

இந்த மூக்குகளுக்கு ஆழமில்லாத ஓரச் சேறு வேண்டும். குளத்தைத் தூர்வாருவது நல்லதுதான். ஆனால் பல இடங்களில் ஓரத்தையும் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். ஆழத் தண்ணீரில் வாத்து நீந்தும். பத்து சென்டிமீட்டர் மூக்கை வைத்துக்கொண்டு இவை என்ன செய்யும்? ஒரு பக்கமாவது சரிவாக விட்டால் என்ன குறைந்துவிடும்?

மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் குளங்களில் தன்னார்வலர்கள்தான் எண்ணுகிறார்கள். போகிறவர்கள் பைனாகுலரோடு போங்கள். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா மூக்கும் கறுப்புதான்.